குண்டு வந்த வழி

நுழையும்முன்

மேல்நோக்கி எறியப்பட்ட கல் எங்கே விழும் என்பதைக் கணக்கிட இயற்பியல் வகுப்பு கற்றுத்தருகிறது. விழப்போகும் கல் எங்கிருந்து எறியப்பட்டது என்பதைக் கணக்கிட முடியுமா? எறிந்தவர் மலைக்குப் பின்னால் மறைந்திருக்கிறார். கல்லோ ஒலியைவிட விரைவாக வருகிறது. இந்நிலையிலும் விடை காண முடியும் என்று காட்டிய அறிவியலையும், அவ்விடையைத் தன் வீரர்களின் கையில் சேர்க்க நம் நாடு எடுத்துக்கொண்ட காலத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

திராஸ் சாலையில்

1999ஆம் ஆண்டு மே 9. கார்கிலில் இருந்த இந்தியப் படையின் வெடிமருந்துக் கிடங்கின்மீது எல்லைக்கு அப்பாலிருந்து பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. கிடங்கு தீப்பற்றி வெடித்தது. பனிக்காலம் முடிந்து சாலைகள் திறக்கத் தொடங்கிய வேளையில், மலை முகடுகளில் ஊடுருவல் நிகழ்ந்திருப்பதை நாடு அப்போதுதான் மெல்ல உணர்ந்துகொண்டிருந்தது.

ஸ்ரீநகரையும் லே நகரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை, திராஸ், கார்கில் ஆகிய ஊர்களின் வழியே செல்கிறது. லடாக் பகுதிக்கு உணவும் எரிபொருளும் மருந்தும் கொண்டுசெல்லும் உயிர்நாடி அது. அச்சாலையைத் தோலோலிங், டைகர் ஹில் முதலிய சிகரங்களிலிருந்து ஊடுருவியோர் பார்த்துக்கொண்டிருந்தனர். சாலையில் ஊர்தி வரிசை தென்பட்டவுடன், பின்புறம் பல கிலோமீட்டர் தொலைவில் மலைகளுக்கு அப்பால் நின்ற பீரங்கிகளுக்குச் செய்தி பறக்கும். சற்று நேரத்தில் குண்டு வந்து விழும். விழுந்த குண்டு கண்ணுக்குத் தெரியும். அதைச் சுட்ட பீரங்கி தெரியாது. திருப்பிச் சுட வேண்டுமெனில் எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் சுடுவது?

எதிர்த்தரப்பு இத்தகைய இருட்டில் இல்லை. பறந்துவரும் குண்டைக் கண்டு அதனைச் சுட்ட இடத்தைக் கணக்கிடும் அமெரிக்க ரேடார்களைப் பாகிஸ்தான் 1980களிலேயே பெற்றிருந்தது. இந்தியப் பீரங்கி ஒன்று சுட்டால், அது நிற்கும் இடம் அடுத்த சில நிமிடங்களில் எதிரிக்குத் தெரிந்துவிட வாய்ப்பிருந்தது. இந்தியாவிடமோ பிரிட்டனில் உருவான சிம்பலின் என்னும் பழைய ரேடார்கள் இருந்தன. குறுகிய தொலைவில் செங்குத்தாக எழுந்து விழும் மார்ட்டர் குண்டுகளுக்கென அமைக்கப்பட்டவை அவை. தொலைதூரப் பீரங்கிகளைத் தேட அவை போதா.

ரேடார் இல்லாத குறையை மனிதர் ஈடுசெய்தனர். பீரங்கிப் படையின் முன்னணிப் பார்வையாளர்கள், ஏறத்தாழ 60 பாகை சரிவுள்ள பாறைகளிலும் காலாட்படையோடு ஏறிச் சென்று, தொலைநோக்கியும் வானொலிக் கருவியும் கொண்டு இலக்குகளைக் கூறினர். ஹெலிகாப்டர்களிலிருந்தும் தேடல் நடந்தது. இந்தியப் பீரங்கிகள் அப்போரில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் குண்டுகளையும் ராக்கெட்டுகளையும் செலுத்தின. 1986இல் சுவீடனிடமிருந்து வாங்க ஒப்பந்தம் செய்யப்பட்ட 155 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கிகள் சிகரங்களை நேருக்கு நேராகவே தாக்கின. ஜூலை 26 அன்று போர் முடிந்தபோது 527 வீரர்கள் உயிரீந்திருந்தனர். இழப்புகளில் பெரும்பங்கு பீரங்கித் தாக்குதலால் நேர்ந்தது என்பது படைத்துறையினரின் கணிப்பு. அத்தனை உயிர்களையும் ஒரு கருவி காத்திருக்கும் என்று சொல்வது மிகை. ஆயினும் பகைவரிடம் இருந்த கண் நம்மிடம் இல்லை என்பது மறைக்க முடியாத உண்மை.

ஒலியைப் பற்றிச் சென்றவர்

மறைந்திருக்கும் பீரங்கியைத் தேடும் முயற்சி ரேடாருக்கு முற்பட்டது. முதல் உலகப்போரில் அதற்கு ஒலியே துணையாயிற்று. ஒலி காற்றில் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். பீரங்கி வெடித்த ஓசை, வரிசையாக வைக்கப்பட்ட ஒலிவாங்கிகளை வெவ்வேறு நேரத்தில் வந்தடையும். அந்நேர வேறுபாடுகளை நுட்பமாக அளந்தால் ஓசை பிறந்த இடத்தை வரைபடத்தில் குறிக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய இம்முறையைப் பிரிட்டன் படையில் வளர்க்கும் பொறுப்பு லாரன்ஸ் பிராக் என்னும் இளைஞரிடம் 1915இல் ஒப்படைக்கப்பட்டது.

படிகங்களில் எக்ஸ் கதிர்கள் சிதறுவதை ஆராய்ந்து, பிராக் விதி என இன்றும் வழங்கும் விதியைக் கண்டவர் அவரே. அவ்வாண்டு செப்டம்பரில் அவருடைய தம்பி ராபர்ட் கலிப்பொலி போர்முனையில் காயமுற்று இறந்தார். அடுத்த சில வாரங்களில், தந்தையோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 25. பரிசுச் செய்தி வந்தபோது அவர் இருந்த இடம் ஆய்வகம் அன்று, போர்க்களம்.

தொடக்கத்தில் அவருடைய முயற்சி தேறவில்லை. அக்கால ஒலிவாங்கிகள் துப்பாக்கி வெடிப்பையும் நாய்க் குரைப்பையும் பதிவு செய்தன. தொலைதூரப் பீரங்கியின் தாழ்ந்த அதிர்வைப் பதிவு செய்யவில்லை. அந்த அதிர்வைச் செவி ஓசையாகக் கேட்பதைவிட, உடல் காற்றழுத்தமாக உணர்வதே மிகுதி. தம் அணியிலிருந்த வில்லியம் டக்கர் என்னும் இயற்பியலாளரோடு சேர்ந்து பிராக் இதற்கு வழி தேடினார். மெல்லிய பிளாட்டினக் கம்பியில் மின்சாரத்தைச் செலுத்திச் சூடாக்கினார் டக்கர். ஒரு கலத்தின் சிறு துளைக்கு முன் அக்கம்பியை வைத்தால், பீரங்கியின் அதிர்வு உண்டாக்கும் காற்றோட்டம் கம்பியைக் கணநேரம் குளிர்விக்கும். அதன் மின்தடை மாறும். மாற்றம் படச்சுருளில் பதியும். கூர்மையான சிற்றோசைகள் கம்பியை அசைப்பதில்லை. 1916இல் நடைமுறைக்கு வந்த இச்சூடான கம்பி, போரின் கடைசி இரண்டு ஆண்டுகளில் எதிரிப் பீரங்கிகளின் இடத்தைச் சில பத்து மீட்டர் பிழைக்குள் காட்டிக்கொடுத்தது.

ஒலிக்கு இரு குறைகள் உண்டு. பத்துக் கிலோமீட்டர் கடக்க அது முப்பது வினாடி எடுத்துக்கொள்ளும். காற்றின் திசையும் வெப்பமும் அதன் வழியை மாற்றிவிடும். பல பீரங்கிகள் ஒருசேர முழங்கினால் ஓசைகளைப் பிரித்தறிவதும் அரிது.

வளைகோட்டைப் பின்னோக்கி வரைதல்

இரண்டாம் உலகப்போரில் விமானங்களைத் தேடிய ரேடார் இயக்குநர்கள், திரையில் சில வேளைகளில் மார்ட்டர் குண்டுகளும் தென்படுவதைக் கண்டனர். அங்கிருந்து புதிய வழி பிறந்தது. சுடும் பீரங்கியைத் தேட வேண்டியதில்லை. அதைவிட்டு வெளியேறிய குண்டைத் தேடினால் போதும்.

ரேடார் அனுப்பும் வானொலி அலை ஒரு வினாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்வது. 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குண்டில் பட்டுத் திரும்ப அதற்கு ஆகும் நேரம், ஒரு வினாடியைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. ஆகவே பறக்கும் குண்டின் இடத்தை ஒரு வினாடிக்குள் பலமுறை அளந்துவிடலாம். இத்தகைய ரேடார் வானம் முழுவதையும் துழாவுவதில்லை. அடிவானத்தை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத வேலியைப்போலத் தன் அலைக்கற்றைகளை நிறுத்திவைக்கும். மலைக்குப் பின்னிருந்து எழும் குண்டு அவ்வேலியைக் கடந்தாக வேண்டும். கடந்தவுடன் தனியொரு கற்றை அதைப் பற்றிக்கொண்டு சில வினாடிகள் பின்தொடரும். பறவையா, விமானமா, குண்டா என்பதை வேகமும் பாதையும் சொல்லிவிடும்.

எறியப்பட்ட பொருளின் பாதை பரவளையம் என்று கலிலியோ 1638இல் வெளியான தம் நூலில் நிறுவினார். பரவளையத்தின் ஒரு துண்டு கிடைத்தால் முழு வளைகோட்டையும் வரையலாம். முன்னோக்கி வரைந்தால் குண்டு விழும் இடம். பின்னோக்கி வரைந்தால் அது புறப்பட்ட இடம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வரும் எறிபொருள் கணக்கின் தலைகீழ் வடிவமே இது.

ஆனால் பாடநூல் கணக்கில் காற்றுத்தடை இல்லை. உண்மைக் குண்டுக்கு உண்டு. நாற்பது கிலோகிராமுக்கும் மேற்பட்ட 155 மி.மீ. குண்டு ஒலியைவிட இருமடங்குக்கும் மேலான வேகத்தில் புறப்படும்போது, காற்று அதைக் கடுமையாகத் தடுக்கிறது. ஏறும் பாதியும் இறங்கும் பாதியும் ஒத்திருப்பதில்லை. குண்டு சுழல்வதால் பக்கவாட்டிலும் சற்று விலகும். காற்றின் அடர்த்தி, வீசும் திசை, வெப்பநிலை ஆகிய அனைத்தையும் கணிப்பொறிக்குத் தந்தால்தான் பின்னோக்கி வரையும் கோடு உரிய இடத்தைச் சேரும்.

மலைநாட்டில் இன்னொரு சிக்கல் எழுகிறது. சமவெளியில் பீரங்கி நிற்கும் உயரம் ஏறத்தாழத் தெரியும். வளைகோடு தரையைத் தொடும் புள்ளியே விடை. சரிவும் பள்ளமுமான நிலத்தில் அந்தக் கோடு எந்த உயரத்தில் தரையைத் தொடுகிறது என்று தெரியாமல் விடை கூற முடியாது. உயரத்தில் நூறு மீட்டர் பிழைத்தால் இடமும் பிழைக்கும். ஆகையால் நிலத்தின் ஏற்ற இறக்கங்களைக் காட்டும் எண்ணியல் வரைபடமும் ரேடாரின் நினைவகத்தில் இருக்க வேண்டும். 4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. குண்டு அங்கே கூடுதல் தொலைவு செல்லும். போதாக்குறைக்கு அருகிலுள்ள முகடு ரேடாரின் பார்வையையே மறைக்கலாம். எங்கே நிறுத்துவது என்பதில்தான் இயக்குபவரின் திறமை வெளிப்படும்.

தெரியுமா?
ரேடார் அலைகளை வெளியிடுவதால் எதிரியும் அதைக் கண்டுபிடிக்கலாம். ஆதலால் அது தேவையான வேளையில் மட்டும் இயக்கப்பட்டு, விரைவில் இடம்பெயர்க்கப்படும். ரேடாருக்கு அஞ்சிப் பீரங்கிகளும் சில குண்டுகளைச் சுட்டவுடன் வேறிடம் சென்றுவிடும்.

கொள்முதல் என்னும் நெடும்பாதை

கொள்முதல் என்றவுடன் காவிரிப் படுகை மாணவருக்கு நெல் கொள்முதல் நிலையம் நினைவுக்கு வரலாம். மூட்டை எடைபோடப்படும், ஈரப்பதம் பார்க்கப்படும், பணம் வரும். அங்கேயும் காத்திருப்பு உண்டு. படைக்கலக் கொள்முதலின் காத்திருப்போ ஆண்டுகளால் அளக்கப்படுவது. தேவை என்ன என்பதைப் படை முதலில் எழுத வேண்டும்: எத்தனை கிலோமீட்டர் தொலைவு, எவ்வளவு பிழை, எந்த வெப்பத்திலும் குளிரிலும் இயங்க வேண்டும் என்றவாறு. பின்னர் ஒப்பந்தப்புள்ளி, தொழில்நுட்ப மதிப்பீடு, பாலையிலும் மலையிலும் களச்சோதனை, விலைப்பேச்சு, அமைச்சரவையின் ஒப்புதல். ஒவ்வொரு படியும் முறைகேட்டைத் தடுக்க ஏற்பட்டதே. எனினும் ஒரு கோப்பு ஒரு மேசையில் தங்கும் ஒவ்வொரு மாதமும், எங்கோ ஒரு பதுங்குகுழியில் இருப்பவருக்குக் கணக்காகிறது.

இந்த ரேடாரின் தேவையை இந்தியப் படை கார்கில் போருக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துரைத்திருந்தது. பேச்சு நீண்டது, கருவி வரவில்லை. 1998 மே மாதத்தில் பொக்ரானில் அணுவெடிப்புச் சோதனைகள் நடந்தபின் அமெரிக்கா தடைகளை விதித்தது, அவ்வழி அடைபட்டது. அடுத்த ஆண்டு போர் வந்தது. கையில் இருப்பதைக் கொண்டே போரிடுவோம் என்னும் பொருள்பட அப்போதைய தரைப்படைத் தளபதி வி.பி. மாலிக் வெளிப்படையாகக் கூறினார். அதில் துணிவு இருந்தது. ஒரு குறையின் ஒப்புதலும் இருந்தது.

போர் முடிந்ததும் அரசு கார்கில் மறுஆய்வுக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் கே. சுப்பிரமணியம், திருச்சிராப்பள்ளியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, நாட்டின் முதன்மையான பாதுகாப்பியல் சிந்தனையாளராக உயர்ந்தவர். குழுவின் அறிக்கை 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து அமைச்சர்கள் குழு ஒன்று பாதுகாப்பு நிர்வாகத்தை ஆராய்ந்தது. 2001இல் பாதுகாப்புக் கொள்முதல் மன்றம் உருவாயிற்று. 2002இல் கொள்முதலுக்கெனத் தனி நடைமுறை நூல் வெளியிடப்பட்டது.

2001 செப்டம்பரில் அமெரிக்கத் தடைகள் நீங்கின. 2002 ஏப்ரலில் ஃபயர்ஃபைண்டர் வரிசையைச் சேர்ந்த ஏஎன்/டிபிக்யூ-37 ரேடார்களை வாங்க ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. முதலில் எட்டு, விலை ஏறத்தாழ 14 கோடியே 60 இலட்சம் டாலர். எண்ணிக்கை பின்னர் பன்னிரண்டாயிற்று. அவை அனைத்தும் வந்துசேர 2007 ஆயிற்று. போர் முடிந்து எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

சண்டிப்பூரில் தென்பட்ட புள்ளிகள்

இதற்கிடையே உள்நாட்டில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1983இல் தொடங்கி ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் தலைமையில் நடந்த ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்தில் ஆகாஷ் ஏவுகணையும் ஒன்று. பகை விமானத்தைக் கண்டு ஆகாஷை வழிநடத்துவதற்காகப் பெங்களூருவிலுள்ள மின்னணுவியல் மற்றும் ரேடார் மேம்பாட்டு நிறுவனம் ராஜேந்திரா என்னும் ரேடாரை உருவாக்கியது. கற்றையைத் திருப்ப அதன் முகப்பு அசைய வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான சிறு உறுப்புகள் வழியே அலையின் கட்டத்தை மாற்றி, மின்னணு முறையிலேயே கற்றையை நொடிப்பொழுதில் திருப்பும்.

ஒடிசாவின் சண்டிப்பூர்க் கடற்கரையில் இந்த ரேடார் சோதிக்கப்பட்டது. அருகிலேயே பீரங்கிகளைச் சோதிக்கும் திடலும் உண்டு. அங்கே சுடப்பட்ட குண்டுகள் ராஜேந்திராவின் திரையில் புள்ளிகளாகத் தென்பட்டன. தேடாத பொருள் திரையில் வந்தால், இடையூறு என அதை நீக்கிவிடுவதே எளிது. பொறியாளர்கள் அவ்வாறு செய்யவில்லை. விமானத்தைத் தேடும் கருவி குண்டையும் காண்கிறது என்றால், குண்டைத் தேடுவதற்கென்றே ஒன்றை அமைக்கலாமே என்று எண்ணினர். அவ்வெண்ணத்தின் விளைவே ஸ்வாதி.

2002இல், அதாவது அமெரிக்க ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஆண்டில், ஸ்வாதித் திட்டத்திற்கும் ஒப்புதல் கிடைத்தது. அயலிலிருந்து வாங்குவதும் சொந்தமாகச் செய்வதும் ஒரே வேளையில் நடந்தன. இது வீண்செலவு என்று கருதுவோர் உண்டு. வாங்கிய கருவி இடைக்காலத்தில் எல்லையைக் காத்தது. செய்த கருவி உதிரிப்பாகத்துக்கும் மென்பொருள் திருத்தத்துக்கும் பிறரை எதிர்நோக்கும் நிலையைப் போக்கியது. 1998இன் தடையை நினைவில் கொண்டால் இரண்டாவதன் அருமை விளங்கும்.

பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரிக்கும் ஸ்வாதி, கனரக ஊர்திகளில் ஏற்றிச் செல்லத்தக்கது. ஒன்றில் ரேடார், மற்றொன்றில் மின்னாக்கி. மார்ட்டர் குண்டுகளை 20 கிலோமீட்டர் வரையிலும், பீரங்கிக் குண்டுகளை 30 கிலோமீட்டர் வரையிலும், ராக்கெட்டுகளை 40 கிலோமீட்டர் வரையிலும் அது கண்டறியும். ஒரே வேளையில் ஏழு இலக்குகளைத் தொடரும். நம் பீரங்கி சுட்ட குண்டு குறியில் விழுந்ததா என்பதையும் அதே கணக்கைக் கொண்டு சொல்லும்.

ஆனால் எண்ணத்திலிருந்து களம்வரை வர இதற்கும் நெடுங்காலம் ஆயிற்று. சோதனைகளும் திருத்தங்களும் தொடர்ந்தன. 2017 மார்ச் 2 அன்றுதான் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் ஸ்வாதியை முறைப்படி தரைப்படையிடம் ஒப்படைத்தார். ஒப்புதல் கிடைத்து பதினைந்து ஆண்டுகள். அயல்நாட்டுக் கொள்முதல் தாமதித்தது என்று குறைகூறுவோர் இந்த எண்ணையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். 2020இல் ஆர்மீனியா நான்கு ஸ்வாதி ரேடார்களை வாங்க முன்வந்ததாகச் செய்திகள் வந்தன. 2023 மார்ச்சில் சமவெளிக்கான மேலும் 12 ரேடார்களுக்கு 990 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைப் பாதுகாப்பு அமைச்சகம் செய்துகொண்டது.

தொலைவிலிருந்து சுடப்பட்ட குண்டு வானில் இருக்கும் நேரம் ஒரு நிமிட அளவினது. ரேடார் அதைக் கண்டு, தொடர்ந்து, கணக்கிட்டு முடிக்கச் சில வினாடிகள் ஆகும். விழுமிடம் தெரிந்தபின் எஞ்சுவது அரை நிமிடமோ அதற்குச் சற்றுக் கூடுதலோ. வானொலியில் எச்சரிக்கை வந்ததும், சாலையோரம் நிற்கும் ஓட்டுநர் ஊர்தியை விட்டிறங்கிப் பதுங்குகுழிக்குள் குதிக்க அந்நேரம் போதும்.

கற்பவை கற்றபின்

1. காற்றுத்தடை இல்லை எனக் கொண்டு, எறிபொருளின் பாதையில் மூன்று புள்ளிகளைக் குறித்து, அது புறப்பட்ட இடத்தையும் விழும் இடத்தையும் வரைபடத்தாளில் கண்டறிக.

2. 'படைக்கலத்தை அயல்நாட்டில் வாங்குவதா, உள்நாட்டில் செய்வதா?' என்னும் பொருளில் இரு அணியாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக. பாடத்திலுள்ள ஆண்டுகளை இரு அணியினரும் சான்றாகப் பயன்படுத்துக.

3. வேறொன்றைத் தேடும்போது எதிர்பாராமல் கிடைத்த அறிவியல் கண்டுபிடிப்பு ஒன்றைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.